பிசகியது யார் நாக்கு?

‘கிளாமர்’ என்ற சொல் நம் சினிமாப் பக்கங்களில் படாத பாடு படுகிறது. அதன் பூர்வீகம் பற்றி ஒரு கதையும் உலவுகிறது. ஆங்கில ஆசிரியர்கள் வகுப்பில் சொல்கிறார்கள், சொல்லாராய்ச்சிப் பத்தி எழுதுபவர்கள் எழுதுகிறார்கள், மேடையில் பேசுபவர்கள் கைதட்டல் வாங்குகிறார்கள். இலக்கணத்தைக் குறிக்கும் ‘கிராமர்’ என்ற சொல்லை ஸ்காட்லாந்தின் எழுத்தறிவற்ற நாட்டுப்புறத்தார் ஒழுங்காக உச்சரிக்கத் தெரியாமல் ‘கிளாமர்’ ஆக்கிவிட்டார்களாம். படித்தவனைக் கண்டாலே மந்திரவாதி என்று மிரண்டவர்களாம். அதனால் அதற்கு மாயவித்தை என்ற பொருளையும் ஏற்றிவிட்டார்களாம். குப்பையில் கிடந்த இந்தப் பிழையை வால்டர் ஸ்காட் கண்டெடுத்துக் கழுவிக் கொடுக்க, ஆங்கிலம் அதை மெருகேற்றி உலகுக்கு வழங்கியதாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மேடைப் பேச்சாளர்கள் மட்டும் சொல்லியிருந்தால் விட்டுவிடலாம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் முதல் பதிப்பே, இது கிராமரின் சிதைந்த வடிவம் என்றும் ஸ்காட்தான் பொது இலக்கிய மொழிக்குள் கொண்டுவந்தார் என்றும் எழுதிவைத்தது. அந்தச் ‘சிதைந்த’ என்ற அடைமொழிதான் கைமாறிக் கைமாறி இப்போது முழுக் கதையாக வளர்ந்து நிற்கிறது. கிளாமர் கிராமரிலிருந்து பிறந்தது என்பது சரி. அதைச் சுற்றிக் கட்டிய மற்றதெல்லாம் தவறு.

பிறப்பைப் பற்றிய அந்த உண்மையை முதலில் உறுதிசெய்துவிடுகிறேன். ‘சிதைவு’ என்ற பட்டத்தைச் சகிக்க முடியாத சிலர், இச்சொல்லுக்குக் கிராமரோடு உறவே கிடையாது, இது பழைய நார்ஸ் மொழியின் சொத்து என்று தப்பிக்கப் பார்ப்பார்கள். ஐஸ்லாந்தின் கிரெட்டிர் சாகாவில் கிளாம் என்றொரு பேய் வருகிறது. செத்தும் அடங்காத அந்த முரடனைக் கிரெட்டிர் மல்லுக்கட்டி வீழ்த்துகிறான். ஆனால் வீழும் தறுவாயில் பேய் விழித்த விழியை அவனால் மறக்க முடிவதில்லை. அதன்பிறகு இருட்டில் தனியே இருக்கவே அஞ்சுகிறான். இல்லாதது இருப்பதாகத் தெரியும் பார்வைக்கு அந்தப் பேயின் பெயரிலேயே ஒரு சொல் ஐஸ்லாந்து மொழியில் உண்டு. ஈர்ப்பான வாதம். பொருளும் அழகாக ஒட்டுகிறது. ஆனால் வடிவம் ஒட்டவில்லை. ஸ்காட்ஸ் மொழியில் ‘கிளாமர்’ மட்டும் இல்லை, ‘கிளாமரி’யும் உண்டு. இடைக்கால ஆங்கிலத்தில் மாயக்கல்விக்குக் ‘கிராமரி’ என்று பெயர். கிராமர்–கிராமரி, கிளாமர்–கிளாமரி என்று இரட்டை மாடுபோல் இரண்டும் சேர்ந்தே நடக்கும்போது, இன்னொரு தகப்பனைத் தேடிப் பனிநாட்டுக்குப் போவானேன்?

இனி அந்த ‘எழுத்தறிவற்ற’ ஸ்காட்லாந்துக்காரர்களைப் பார்ப்போம். 1496-இல், நான்காம் ஜேம்ஸ் காலத்து ஸ்காட்லாந்து நாடாளுமன்றம், வசதியுள்ள நிலக்கிழார்கள் தங்கள் மூத்த மகன்களைப் பள்ளிக்கு அனுப்பி லத்தீனில் தேர்ச்சிபெறச் செய்தே ஆகவேண்டும் என்று சட்டம் போட்டது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் செயின்ட் ஆண்ட்ரூஸ், கிளாஸ்கோ, அபர்டீன் என மூன்று பல்கலைக்கழகங்கள் அங்கே எழுந்துவிட்டன. பெரிய தேசமான இங்கிலாந்திடம் அப்போது இருந்தவை இரண்டே. எல்லாருக்கும் கல்வி கிடைத்தது என்று நான் சொல்லவில்லை, எங்கும் கிடைக்கவில்லை. இலக்கணம் என்றால் என்னவென்றே தெரியாத நாடு என்ற சித்திரம் பொய் என்பதே என் பேச்சு.

இலக்கணத்தையும் மந்திரத்தையும் குழப்பிக்கொண்டவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள் என்பதோ அதைவிடப் பெரிய பொய். அந்த முடிச்சைப் போட்டது பிரான்ஸ். பழைய பிரெஞ்சில் இலக்கணத்துக்கான சொல்லே கொஞ்சம் உருமாறி, மந்திரவாதியின் ஏட்டைக் குறிக்கும் ‘கிரிம்வார்’ ஆனது. இன்றும் பிரெஞ்சுக்காரர்கள் அச்சொல்லை அந்தப் பொருளில்தான் வழங்குகிறார்கள். இடைக்காலத்தில் கிராமர் என்றால் எழுவாய், பயனிலை மட்டும் அல்ல. லத்தீன் என்றாலே கிராமர், லத்தீன் வழியாகக் கிடைக்கும் கல்வி எல்லாமே கிராமர். விண்மீன் கணக்கும் அதில் அடக்கம், சோதிடமும் அடக்கம், ரசவாதமும் அடக்கம். அந்த ஏடுகளைத் திறந்து படிக்கத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவரோ இருவரோ இருந்த காலத்தில், அவர் வாயில் முணுமுணுத்தது செபமா மந்திரமா என்று வெளியே நின்றவன் எப்படி அறிவான்?

இதற்கு வாழ்ந்த மனிதர் ஒருவரே சாட்சி. மைக்கேல் ஸ்காட், 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ஸ்காட்லாந்து அறிஞர். ஸ்பெயினின் டொலேடோவில் இருந்து அரபு நூல்களை லத்தீனில் பெயர்த்தார். அரிஸ்டாட்டிலையும் இப்னு ருஷ்தின் உரைகளையும் மேற்கு ஐரோப்பா படிக்க வழிசெய்தவர்களில் அவரும் ஒருவர். பிறகு பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக்கின் அவையில் சோதிடராக இருந்தார். இத்தனை படித்தவரை மந்திரவாதி ஆக்கியது யார்? ஸ்காட்லாந்தின் ஆட்டிடையர்களா? அவர்களும் பின்னால் கதை கட்டினார்கள்தான். ஆனால் அவரை நரகத்தில், மாயவித்தைக்காரர்களின் வரிசையில், தலை பின்பக்கம் திருகிய நிலையில் நிறுத்தி வைத்தது தாந்தே. இத்தாலியின் தலைமகன், ஐரோப்பாவின் ஆகப் படித்த கவிஞர்களில் ஒருவர். படிப்பை மந்திரம் என்று எண்ணுவது அறியாமை என்றால் அந்த அறியாமையில் தாந்தேவுக்கும் பங்கு உண்டு. ஸ்காட்லாந்தின் தலையில் மட்டும் அதைக் கட்டுவது என்ன நியாயம்?

அடுத்து, ‘ர’ ‘ல’ ஆன விவகாரம். ‘சிதைவு’க் கட்சியின் உயிர்நாடியே இங்கேதான் இருக்கிறது. ரகரத்தை உருட்டி உருட்டி ஒலிப்பதற்கு உலகமெங்கும் பெயர்போனவன் ஸ்காட்லாந்துக்காரன். லண்டன்காரனோ சொல்லின் கடைசியில் வரும் ரகரத்தை விழுங்கிவிடுபவன். பின்னவன் முன்னவனைப் பார்த்து உனக்கு ‘ர’ வராது என்று சொல்வதைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

அந்த லகரம் ஸ்காட்லாந்துக்கே உரியதும் அல்ல. 13ஆம் நூற்றாண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ‘மாஜிஸ்டர் கிளோமரியே’ என்றொரு பதவி இருந்தது. இலக்கணம் பயிலும் சிறுவர்களின் பள்ளிகளை மேற்பார்வை பார்ப்பவர் அவர். 1276-இல் ஈலி நகரின் ஆயர் ஹியூ டி பால்ஷம், பல்கலைக்கழக வேந்தருக்கும் ஆர்ச்டீக்கனுக்கும் இந்தக் கிளோமரித் தலைவருக்கும் இடையே யாருக்கு யார்மேல் அதிகாரம் என்ற தகராறைத் தீர்த்து ஆவணமே எழுதினார். ‘கிளோமரி’ என்பது வேறொன்றும் அல்ல, ‘கிராமர்’தான். லகரத்தோடு, அரசு முத்திரைக்கு நிகரான ஆவணத்தில், லத்தீன் நடையில், கேம்பிரிட்ஜில்! இங்கிலாந்தின் கல்விக் கோட்டைக்குள் லகரம் போட்டால் பதவிப் பெயர். ஐந்து நூற்றாண்டு கழித்து எடின்பரோவில் போட்டால் நாக்குப் பிசகு. வேடிக்கை என்னவென்றால், சிதைவு என்று எழுதிய அதே ஆக்ஸ்ஃபோர்டு அகராதிப் பதிவு, வடிவத்துக்குக் ‘கிளோமரி’யை ஒப்பிடுக என்றும் கூடவே சொல்கிறது. குற்றப்பத்திரிகையோடு விடுதலைக்கான சான்றையும் இணைத்துக் கொடுத்த அரசு வழக்கறிஞரை வேறெங்கும் நான் கண்டதில்லை.

ஒரே சொல்லில் இரண்டு ரகரம் அருகருகே வந்தால் ஒன்று லகரமாவது ஐரோப்பிய மொழிகளில் பழைய நடப்பு. லத்தீன் ‘பெரெக்ரினுஸ்’ ஆங்கிலத்தில் ‘பில்கிரிம்’ ஆனது. பிரெஞ்சு ‘மார்பிர்’ ஆங்கிலத்தில் ‘மார்பிள்’ ஆனது. ‘பர்ப்புரா’ ‘பர்ப்பிள்’ ஆனது. இவற்றில் ஒன்றையாவது சிதைந்த சொல் என்று யாரும் பள்ளியில் சொல்லித்தருவதில்லை. நம்மிடமே பந்தல் பந்தர் ஆகிறது, சாம்பல் சாம்பர் ஆகிறது. தமிழிலக்கணம் அதற்குக் கடைப்போலி என்று பெயர் வைத்து உள்ளே உட்காரவைத்ததே தவிர வாசலில் நிறுத்தி வையவில்லை. மரியாதைக்குரிய மொழியில் நடந்தால் ஒலிமாற்றம், மதிக்கப்படாத மொழியில் நடந்தால் சிதைவு. இந்த இரட்டை அளவுகோலைத்தான் நான் மறுக்கிறேன்.

இன்னொரு சாட்சியையும் கூண்டில் ஏற்ற வேண்டும். ராபர்ட் பர்ன்ஸ், 1789-இல், பழம்பொருள் ஆராய்ச்சியாளர் ஃபிரான்சிஸ் குரோஸ் ஸ்காட்லாந்தில் சுற்றுவதைக் கேலியாகப் பாடிய கவிதையில், ‘கிளாமர்’ என்ற சொல்லில் ஓர் அடியை முடித்து அடுத்த அடியைக் ‘கிராமர்’ என்ற சொல்லில் முடிக்கிறார். முன்னதில் ஜிப்சிகளின் கண்கட்டு, பின்னதில் சூனியக்காரர்கள் கற்கும் நரகத்து ஏடு. இரண்டும் ஒன்றுக்கொன்று இயைபு! உச்சரிக்கத் தெரியாமல் ஒன்று மற்றொன்றாகத் திரிந்தது என்றால், ஒரே கவிஞன் ஒரே மூச்சில் இரண்டையும் பிரித்துச் சொன்னது எப்படி? அவருக்கு இரண்டும் உறவுச் சொற்கள் என்பது தெரியும், வேறு சொற்கள் என்பதும் தெரியும். உழவன் மகன்தான், ஆனால் ஜான் மர்டாக் என்ற ஆசிரியரிடம் முறையாக ஆங்கில இலக்கணம் படித்தவர். பத்துப் பதினொரு வயதிலேயே பெயர்ச்சொல்லையும் வினையையும் அலசிப்பார்ப்பதில் தான் கெட்டிக்காரன் என்று மருத்துவர் ஜான் மூருக்கு எழுதிய தன்வரலாற்றுக் கடிதத்தில் பெருமையடித்துக்கொண்டவர். அவருடைய ஸ்காட்ஸ் அவர் தெரிந்தே எடுத்த முடிவு.

பின் ஏன் ‘சிதைவு’ என்ற எண்ணம் இவ்வளவு ஆழமாக வேர்விட்டது? இதில் ஆங்கிலேயரை மட்டும் குறைசொல்ல மாட்டேன். 1513-இல் கேவின் டக்ளஸ் வர்ஜிலின் பெருங்காப்பியத்தை முழுவதுமாக மொழிபெயர்த்தபோது, தான் எழுதுவது ஸ்காட்ஸ், ஆங்கிலம் அல்ல என்று அறிவித்துவிட்டே எழுதினார். அரசவையும் நாடாளுமன்றமும் அந்த மொழியில்தான் இயங்கின. 1707-இல் இரு நாடாளுமன்றங்களும் ஒன்றாகி, அதிகாரம் லண்டனுக்குப் போனபிறகு காற்று மாறியது. தத்துவ மேதை டேவிட் ஹ்யூம், கற்றவர்கள் தவிர்க்கவேண்டிய ஸ்காட்ஸ் வழக்குகளுக்குப் பட்டியல் போட்டார். 1761-இல் தாமஸ் ஷெரிடன் என்ற நடிகர் எடின்பரோவுக்கு வந்து சரியான ஆங்கில உச்சரிப்புப் பற்றிச் சொற்பொழிவாற்ற, ஊர்ப் பெரிய மனிதர்கள் கட்டணம் கட்டி உட்கார்ந்து கேட்டார்கள். இத்தனைக்கும் ஷெரிடன் அயர்லாந்துக்காரர். வீட்டில் பேசியதை வெளியில் மறைக்க வேண்டும் என்று ஒரு தலைமுறையே கற்றுக்கொண்டபின், அந்த வீட்டுச் சொல் எதுவும் பிறருக்குச் சிதைவாகத் தெரிவதில் வியப்பில்லை. 2011 கணக்கெடுப்பில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்களுக்கு ஸ்காட்ஸ் பேசத் தெரியும் என்று பதிந்தார்கள். அத்தனை பேரும் ஆங்கிலத்தைத் தப்பாகப் பேசுகிறார்கள் என்று சொல்வதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

ஸ்காட் கண்டெடுத்தார் என்ற பகுதிக்கு வருவோம். வால்டர் ஸ்காட்டின் ‘தி லே ஆஃப் தி லாஸ்ட் மின்ஸ்ட்ரல்’ 1805-இல் வந்தது. அதற்கு 80 ஆண்டுக்கும் முன்பே ஆலன் ராம்சே இச்சொல்லை அச்சேற்றிவிட்டார். எடின்பரோவில் பொய்முடி செய்யும் தொழிலில் தொடங்கிப் புத்தகக் கடைக்காரரானவர் ராம்சே. 1721-இல் தன் கவிதைத் தொகுப்போடு சேர்த்த சொற்பட்டியலில், பேய்களோ மந்திரவாதிகளோ கைவித்தைக்காரர்களோ பார்ப்பவர் பார்வையை ஏமாற்றும்போது அவர் கண்மேல் கிளாமரைப் போர்த்தியதாகச் சொல்வது வழக்கம் என்று விளக்கம் கொடுத்திருக்கிறார். ‘வழக்கம்’ என்கிறார், கவனிக்க வேண்டும். அவர் புதிதாக உண்டாக்கியதும் அல்ல, ஊரில் புழங்கியது.

1724-இல் தொடங்கி அவர் வெளியிட்ட ‘தி டீ-டேபிள் மிசெலனி’ பாடல் தொகுதிகளில் ஜானி ஃபா என்ற ஜிப்சியின் கதைப்பாட்டும் உண்டு. மாளிகை வாசலில் ஜிப்சிகள் பாட, சீமாட்டி இறங்கி வருகிறாள். அவள் முகத்தைக் கண்டதும் அவர்கள் கிளாமரை வீசுகிறார்கள். அவள் பட்டுமெத்தையை விட்டு அவர்களோடு போய்விடுகிறாள். முடிவில் ஜிப்சிகளுக்குத் தூக்கு. இதில் பாட்டின் அழகைவிட எனக்கு உறைப்பது அதன் பின்னணி. 1540-இல் ஐந்தாம் ஜேம்ஸ், ஜான் ஃபா என்ற ஜிப்சித் தலைவனைச் ‘சின்ன எகிப்தின் பிரபு’ என்று ஏற்று, அவனுக்குத் தன் கூட்டத்தின்மேல் அதிகாரம் தந்து ஆவணம் எழுதினார். 1609-இல் அதே நாட்டுச் சட்டம், ஜிப்சிகள் வெளியேற வேண்டும், மீறினால் மரணம் என்றது. இந்தச் சூழலில் ‘கிளாமர் வீசினான்’ என்பது பாராட்டு அல்ல, குற்றச்சாட்டு. வீட்டுப்பெண் தானாகப் போனாள் என்று ஒப்புக்கொள்ள மனமில்லாத சமூகம் கண்டுபிடித்த காரணமும் அதுதான்.

ஸ்காட்டின் பங்கைக் குறைக்கவும் நான் விரும்பவில்லை. எல்லைப்புறக் கதைப்பாடல்களைத் தேடித் திரட்டியவர் அவர். ‘ரெய்டு’ என்ற சொல் இன்று நம் வருமானவரித் துறை வரைக்கும் வந்து சேர்ந்திருப்பதற்கும் அவர் எழுத்துதான் ஆரம்பம். வழக்கில் இருந்த சொல்லை லட்சக்கணக்கான ஆங்கில வாசகர்களிடம் சேர்த்தார், அவ்வளவே. அதையும் அதன் பொருள் கெடாமல் சேர்த்தார். அவருடைய காவியத்தில் வரும் மாய ஏடு யாருடையது? அதே மைக்கேல் ஸ்காட்டுடையது. மெல்ரோஸ் மடத்தில் அவர் கல்லறையிலிருந்து எடுத்துவந்தது. குள்ளப் பணியாள் அதைத் திறந்து ஒரே ஒரு மந்திரத்தைப் படித்துவிடுகிறான், அதுதான் கிளாமர். பிறகு காயம்பட்ட வீரனைக் காவலர் கண்ணெதிரிலேயே கோட்டைக்குள் கொண்டுபோகிறான். போனது வைக்கோல் வண்டி என்று காவலர்கள் சத்தியம் செய்கிறார்கள்.

இந்த வைக்கோல் வண்டியில்தான் சொல்லின் முழுப் பொருளும் இருக்கிறது. வீரன் மாறவில்லை, குதிரை மாறவில்லை. மாறியது காவலரின் கண். ராம்சேயின் விளக்கமும் இதையேதான் சொல்கிறது: கிளாமர் பார்க்கப்படும் பொருளின் குணம் அல்ல, பார்ப்பவன் கண்மேல் இன்னொருவன் செய்யும் வேலை. ஆகவே அதைப் போர்த்தவோ வீசவோ ஒருவன் இருந்தே ஆகவேண்டும். ராம்சே இச்சொல்லை முதலில் கையாண்ட இடம் எது தெரியுமா? சூனியக் கதை அல்ல, பங்குச்சந்தை. 1720-இல் சவுத் சீ கம்பெனியின் பங்கு 100 பவுண்டுக்குச் சற்று மேலே தொடங்கி 1000 பவுண்டு வரை ஏறி, ஆண்டு முடிவதற்குள் பழைய இடத்துக்கே விழுந்தது. அந்தக் களேபரத்தைப் பற்றிய அங்கதக் கவிதையில், பணத்துக்கு ஆன்மாவை விற்கும் சூனியக்காரியின் கண்மேல் சாத்தான் மோசடிக் கிளாமரைப் போர்த்துவதாக ஓர் உவமை. கிராமத்தான் நாக்குப் பிசகில் பிறந்ததாகச் சொல்லப்படும் சொல், அச்சேறிய ஆரம்ப நாளிலேயே தலைநகரத்துச் சந்தை மோசடிக்குப் பெயர் சொல்லியிருக்கிறது.

ஆங்கிலம் மெருகேற்றியது என்பவர்கள் இதன்பிறகு நடந்ததைச் சொல்லட்டும். 1859-இல் டென்னிசன், வேல்ஸ் பழங்கதையில் க்விடியன் என்ற மாயக்காரன் பூக்களைக்கொண்டு ஒரு பெண்ணைச் சமைத்ததைக் குறிப்பிடும்போது ‘கிளாமரால்’ சமைத்தான் என்றார். அதுவரைக்கும் ஆங்கிலக் கவிஞனுக்கும் பழைய பொருள் நினைவிருந்தது. செய்தவன் பெயர் கூடவே வருகிறது. ஆனால் அந்த நூற்றாண்டிலேயே இன்னொரு பக்கம் சொல் கரையத் தொடங்கிவிட்டது. மாயமான அழகு என்றார்கள், பிறகு ஈர்ப்பு என்றார்கள். 1930களில் ஹாலிவுட் விளம்பரக்காரர்கள் கையில் சிக்கியபோது அது ஒரு நடிகையிடம் ‘இருக்கும்’ அல்லது ‘இல்லாத’ ஏதோ ஒன்றாகிவிட்டது. விளக்கு பிடித்தவர், ஒப்பனை போட்டவர், நிழற்படத்தைத் தீட்டித் திருத்தியவர், செய்தி எழுதிக் கொடுத்த ஸ்டுடியோ அலுவலர் என்று ஒரு கூட்டமே நம் கண்மேல் வேலை பார்த்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், அந்த வேலையைச் சொல்வதற்கென்றே இருந்த சொல்லிலிருந்து வேலை செய்பவர்களை உருவிவிட்டார்கள். ராம்சே சொன்ன பொருளில் அந்தப் படக்கொட்டகைகளில் ஒரு சொல் மிகவும் தேவைப்பட்டது. இருந்த சொல்லையோ அழகுசாதன விளம்பரத்துக்குக் கொடுத்தாயிற்று.